சொட்டு சார் மாமாவிடம் கேட்ட கேள்விகள்

நன்றி சொல்வது எனக்குச் சரியாக வராது. திட்டுவது நன்றாக வரும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வார். அதனால்தான் எங்கள் கீழ்வீட்டுச் சொட்டு சாரிடம் நேரில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் இதைப் படிப்பாரா தெரியாது. படித்தால், தேதி எங்கே, மணி எங்கே என்று கேட்பார். அது மட்டும் நிச்சயம்.

சொட்டு என்பது எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். நகரத்தின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஆய்வகத்தில் அவருக்கு வேலை. பாட்டில் கழுவும் ஆளாகச் சேர்ந்தவர். கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தண்ணீர் சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர். முப்பத்தொரு வருடமாக அதே நாற்காலி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுப்பார், மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவார், நிறத்தைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். அவர் சரி என்று எழுதிய பிறகுதான் தண்ணீர் நம் வீட்டுக் குழாய்க்கு வரும். அவர் ஒழுங்காக வேலை பார்த்தால் ஊரில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? முப்பத்தொரு வருடத்தில் ஆய்வகத்துக்கு வந்த தொலைபேசி எல்லாமே புகார்தானாம்.

படியேறும்போது யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒரு முறை எங்கள் கதவைத் தட்டி, குளியலறையில் நிமிடத்துக்கு நாற்பது சொட்டு ஒழுகுகிறது என்றார். வேலை முடிந்து வந்த அலுப்பில் இருந்தேன். எண்ணுவதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று சொல்லி முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி எங்கள் வீடு. நான் மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறேன். கத்தரி, இடுக்கி, ஊசி எல்லாவற்றையும் கழுவி, தேய்த்து, பொட்டலம் கட்டி, நீராவியில் வேகவைத்து ஒரு கிருமி இல்லாமல் அனுப்புவது என் வேலை. பதினேழு வருடத்தில் என் கையால் போன கருவித் தட்டு ஒன்றுகூடச் சுத்தமில்லை என்று திரும்பி வந்ததில்லை. இந்தத் தற்பெருமையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவருடைய அப்பா, என் மாமனார், எங்களோடு இருக்கிறார். மாமா பஸ் ஓட்டியவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் மாமாவின் வாயை மூடவும் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது சுருண்டு விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

இரண்டு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சின்னவர் வந்தார். ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர், கொண்டுபோக முடியாத கண்ணாடித் தொட்டியை அதில் இருந்த பிராணியோடு என் வீட்டுக்காரரிடம் விட்டுப் போனார். ஆக்சலாட்டில் என்று பெயராம். ஒரு சாண் நீளம், வெளிர் ரோஜா நிறம், நான்கு குட்டிக் கால்கள், தலைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்றாக இறகு மாதிரி விரிந்த சிவப்புச் செவுள்கள். பல்லியும் இல்லை, மீனும் இல்லை. ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருக்கும், அதுவும் குளிர்ந்த தண்ணீரில். குளிர வைக்கும் இயந்திரத்தை வீட்டுக்காரர் பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிச் செய்தார். வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பதால் இதற்குச் சின்னவர் என்று பெயர் வைத்தோம்.

மாமா சுவரை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். கைப் பயிற்சி சொல்லித்தர வரும் பெண், மாமாவின் வலது கையில் ஒரு நீள இடுக்கியைக் கொடுத்து, மண்புழுத் துண்டை அதில் பிடித்துச் சின்னவருக்கு ஊட்டச் சொன்னாள். முதல் வாரம் புழு தரையில்தான் விழுந்தது. மூன்றாவது வாரம் தண்ணீர் வரை போனது. ஐந்தாவது வாரம் சின்னவர் லபக்கென்று கவ்வினார். அன்று மாமா வாயைத் திறந்து "வா" என்றார். பேச்சு போன பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை. எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, தொட்டியைப் பார்த்துச் சொன்னார். அதனால் என்ன, நானும் வீட்டுக்காரரும் அடுப்படியில் நின்று அழுதோம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்துச் சின்னவருக்கு உடம்பு கெட்டது.

இதில் ஒரு கஷ்டம், சின்னவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வாயமைப்பே சிரிப்பு. பசித்தாலும் சிரிப்பு, வலித்தாலும் சிரிப்பு. முதலில் சாப்பாடு குறைந்தது. பிறகு செவுளின் இறகுகள் உதிர்ந்து மொட்டைக் குச்சியாயின. வால் நுனி கொக்கி போல வளைந்தது. பிறகு செவுளில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக ஏதோ வந்தது. மீன் கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் கொடுத்தார். என் விரல்கள் நீலமானதுதான் மிச்சம்.

இடுக்கியோடு மாமாவின் கை தொட்டிக்குள் போகும், காத்திருக்கும், திரும்பி வரும். "வா" என்று கூப்பிட்டுப் பார்ப்பார். சின்னவர் திரும்பமாட்டார். ஒரு நாள் மாமா இடுக்கியை மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவரும் சாப்பிடவில்லை. இது செத்தால் அந்தக் கை மறுபடி எழாது, அந்த வாய் மறுபடி திறக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

ஒரு வாளியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். நாய், பூனை பார்க்கிறவர். இந்தப் பிராணியை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாய்க்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். பூதக்கண்ணாடியை வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். வெள்ளையாக இருப்பது பூஞ்சை, உப்புத் தண்ணீரில் தினமும் பத்து நிமிடம் வைத்தால் போகும். ஆனால் நல்ல உடம்பில் பூஞ்சை வராது, இதை முன்பே ஏதோ நலிய வைத்திருக்கிறது, பெரும்பாலும் தண்ணீராக இருக்கும், யாரையாவது விட்டுச் சோதியுங்கள் என்றார். தண்ணீர் சோதிக்க யாரைத் தெரியும் என்று வீட்டுக்காரர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியும். சொல்ல வாய்தான் வரவில்லை.

அன்று மாலை சொட்டு சார் வீட்டு வாசலில் போய் நின்றேன். பழைய கதையை அவர் எடுக்கவே இல்லை. தொட்டி எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்றார்.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் என்ன செய்வோம்? சனிக்கிழமை வழக்கமாகத் தொட்டியைக் கழுவுகிற நாள். அந்தச் சனிக்கிழமை இரண்டு மடங்கு கழுவினேன். ஞாயிறு காலை அவர் பெட்டியைத் திறந்து, குழாய்களை வரிசையாக நிறுத்தி, சொட்டு எண்ணி, நிறம் பார்த்தார். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே சமயம், அப்படியானால் இது ஏன் சாகிறது என்று ஆத்திரமாகவும் வந்தது.

அவர் பெட்டியை மூடவில்லை. தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் சின்னவரையே பார்த்தார்.

"தண்ணி நல்லா இருக்கு. இது நல்லா இல்ல. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது," என்றார்.

எந்த நாளிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டார். இரண்டு வாரம் என்றேன் நான். பத்து நாள் என்றார் வீட்டுக்காரர். காலையில் ஏழு மணிக்கு நான் மருத்துவமனையில், அவர் யாரோ ஒருவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குள். எங்களுக்கு என்ன தெரியும்? சொட்டு சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மாமாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, நாள் முழுக்க இதைப் பாத்துட்டு இருக்கறது நீங்கதான். உங்களைத்தான் நான் கேக்கணும்."

சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மாமாவின் மடியில் விரித்தார். ஒவ்வொரு தேதியாக விரலை வைத்தார். அன்று சாப்பிட்டதா, இல்லையா? மாமா தலையை ஆட்டுவார், அல்லது இல்லை என்று அசைப்பார். நிச்சயமில்லாத நாளுக்குக் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குச் சொட்டு சார் ஒரு கேள்விக்குறி போட்டார். வால் எப்போது வளைந்தது, எப்போது நிமிர்ந்தது, எப்போது மேலே மிதந்தது, எப்போது கீழே படுத்தது. அவசரப்படவில்லை, அவருக்காகப் பதில் சொல்லவும் இல்லை. முக்கால் மணி நேரம் ஆனது.

நான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதமாக எத்தனை பேர் வந்து போனார்கள். டாக்டர்கள், உறவுக்காரர்கள், ஏன் நானும்தான். அவர் தூங்கினாரா, அவருக்கு வலிக்கிறதா என்று மாமாவின் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டோம். அவரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்வாரே, அந்த மாதிரி.

முடிந்ததும் காலண்டரைப் பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். நான்கு வாரமும் ஒரே மாதிரி. ஞாயிறு, திங்கள் சாப்பாடு உண்டு. செவ்வாய் அரைகுறை. புதன் முதல் சனி வரை பட்டினி, வால் வளைவு. சனிக்கிழமை நான் கழுவியதும் மறுபடி கொஞ்சம் தெளிவு. சொட்டு சார் காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினார். வியாழக்கிழமை வருகிறேன், அதுவரை தொட்டியில் கை வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

வியாழன் காலை வேலைக்குப் போகிற வழியில் வந்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய் இலைப் பச்சையாக மாறியது. அம்மோனியா என்றார். சின்னவரின் கழிவிலிருந்து வருகிற விஷம். அதுதான் தோலையும் செவுளையும் பொசுக்குகிறதாம். பிறகு என் பக்கம் திரும்பி, சனிக்கிழமை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். தண்ணீர் முழுவதையும் வெளியே எடுப்பேன். வடிகட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, வாடை போகும் வரை அலசி, வெயிலில் காய வைப்பேன். கல், குழாய் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். வழவழப்பு ஒரு துளி இருக்காது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்கதாம்மா அதுக்கு நோய்," என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. சண்டைக்கு வாயைத் திறந்தேன், ஆனால் அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். ஸ்பாஞ்சில் இருக்கும் வழவழப்பு அழுக்கு இல்லை, அது ஒரு வகைக் கிருமி. அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவதே அதன் வேலை. வளர ஐந்தாறு வாரம் பிடிக்கும். நான் அதை வாராவாரம் கொன்றிருக்கிறேன். சனிக்கிழமை புதுத் தண்ணீர் ஊற்றியதும் இரண்டு நாள் தெளிவு வரும். என் கழுவலால்தான் தேறுகிறது என்று நான் நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். வேறு யாருக்கும் இந்த நோயை இவ்வளவு சுத்தமாக வரவழைக்கத் தெரிந்திருக்காது.

"நீங்களும் நானும் கிருமியைக் கொன்னு சம்பளம் வாங்கறவங்க. நான் குளோரின் போட்டுக் கொல்றேன், நீங்க ஆவியில வச்சுக் கொல்றீங்க. இந்தத் தொட்டிக்கு மட்டும் கிருமி வேணும்மா," என்றார் அவர்.

அன்றே வைத்தியம் தொடங்கியது. சின்னவரை மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினோம். மருந்து போட்டுக் குளோரினை முறித்து, குளிர வைத்த புதுத் தண்ணீர், தினமும் காலையில் முழுவதும் மாற்ற வேண்டும். மாலையில் பத்து நிமிடம் உப்புத் தண்ணீர். கடிகாரம் பார்ப்பது மாமாவின் பொறுப்பு. பத்தாவது நிமிடம் அவர் கையைத் தூக்கினால் நான் எடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் டப்பாவைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்குவார். தொட்டியில் கிருமி வளர வைக்க, சொட்டு சார் தன் வேலையிடத்திலிருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தார். ஆற்றுத் தண்ணீர் நிலையத்துக்குள் வருகிற இடத்தில் ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறார்களாம். ஆற்றில் ஏதாவது கலந்தால் முதலில் அந்த மீன்கள்தான் தடுமாறும். இருபது வருடமாக அவற்றைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். பழுப்பாக, நாற்றமெடுத்து, சொதசொதவென்று இருந்த அந்த ஸ்பாஞ்சை என் வீட்டுத் தொட்டிக்குள் விடுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால், என் பொறுமைக்கு யாராவது ஒரு மெடல் தரலாம்.

ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். சின்னவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தார். தொட்டால் மட்டும் ஒரு கால் அசைந்தது. மாமா அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டப்பாவின் விளிம்பில் வலது கையை வைத்தபடி இருந்தார், எடுக்கவே இல்லை. சொட்டு சார் காலையும் வந்தார், மாலையும் வந்தார். பிழைக்கும் என்று பொய் சொல்லவில்லை. தண்ணீர் சரியாக இருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்கிறோம், அவ்வளவுதான் நம் கையில் என்றார். நான் ஏற்கெனவே கொன்றுவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன். அந்தச் சொல்தான் என்னை அன்று வேலைக்கு அனுப்பியது.

பதினோராம் நாள் செவுளிலிருந்து பஞ்சு உதிர்ந்தது. பதினான்காம் நாள் மாமா இடுக்கியை நீட்டி "வா" என்றார். சின்னவர் தலையைத் திருப்பினார், யோசித்தார், கவ்வினார். பாதியைத் துப்பிவிட்டார். பரவாயில்லை, பாதி உள்ளே போனது.

தொட்டித் தண்ணீரைத் தினமும் சோதிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வாரத்தில் சொட்டு சார் மருந்துப் பாட்டிலை மாமாவின் வலது கையில் கொடுத்தார். ஐந்து சொட்டு, ஆறாகிவிட்டால் முதலிலிருந்து என்றார். முதல் நாள் பாட்டிலில் கால்வாசி மேசையில் ஓடியது. அவர் அதைத் துடைத்துவிட்டு, மறுபடி குழாயை நீட்டினார். இப்படி ஒரு மாதம். அவருடைய மருந்து, அவருடைய நேரம். அவர் மனைவி, மகள் வீட்டுக்குப் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார்; அதனால் காலையில் வேலை ஒன்றும் இல்லை என்பார். மூன்று வேளைச் சமையலும் அவரே செய்துகொள்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு மாதத்துக்குப் பிறகு மாமா ஐந்து சொட்டை ஐந்தாக விட்டார். கைப் பயிற்சிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்றாள்.

ஆறாவது வாரக் கடைசியில் குழாய் மஞ்சளாகவே நின்றது. சின்னவர் தொட்டிக்குத் திரும்பினார். செவுளில் புது இறகுகள் முளைத்திருந்தன. கிளம்பும்போது சொட்டு சார் மாமாவிடம், இனி காவல் உங்களுடையது, இந்த அம்மாவின் கை ஸ்பாஞ்சுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மாமா தலையாட்டினார்.

அடுத்த வாரச் சனிக்கிழமை. கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றச் சொல்லியிருந்தார், மாற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஸ்பாஞ்சின் பழுப்பு என் கண்ணை உறுத்தியது. கொதிக்கவைக்கப் போவதில்லை, பிளீச்சிங்கும் இல்லை, குழாயடியில் சும்மா ஒரு அலசு அலசினால் என்ன என்று தோன்றியது. மாமா கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து, மெதுவாகத் தொட்டிக்குள் கையை விட்டேன்.

"ஏம்மா... உனக்கு எத்தன தடவ சொல்றது?"

பின்னாலிருந்து வந்தது. குழறல்தான், நடுவில் மூச்சு வாங்கியதும் உண்மைதான். ஆனால் முழு வாக்கியம், மாமாவின் குரல், மாமாவின் கோபம். இந்த எட்டு ஒன்பது மாதத்தில் அவர் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க முடியாது என்பது அவருக்கே நினைவில்லை. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரக் கையோடு அவர் காலடியில் உட்கார்ந்து நான் விக்கி விக்கி அழுதேன். திட்டு வாங்கியதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்படியே கீழே ஓடிச் சொட்டு சாரின் கதவைத் தட்டினேன். படியிறங்கும்போது சொல்ல வேண்டிய நன்றியையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். கதவு திறந்ததும் ஒன்றும் வரவில்லை.

"மாமா என்னைத் திட்டிட்டாரு சார்," என்றேன்.

அவர் கையில் கரண்டியோடு வாசலில் நின்றார்.

"முழுசாவா?"

"முழுசா சார்."

அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் எனக்கு முன்னால் படியேறினார். மாமா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, அவருக்கும் கேட்கட்டும் என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக என்னை இன்னொரு தடவை திட்டினார்.